மாறிவரும் வேலைமுறையும் தொழிலாளர் ஓய்வூதியமும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

ராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் அந்த ஊரும் சுற்றுப்புறமும் நூற்பாலைகளின் ஊராக வளர்ந்தன. மில்லில் 'பெர்மனென்ட்' ஆகிவிட்டால் ஓய்வு பெறும் வரை அங்கேயே வேலை, பிறகு பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் என்று இரண்டு தலைமுறைகள் நம்பிக்கையோடு வாழ்ந்தன. பெண் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளைக்கு மில் வேலை நிரந்தரமா என்று கேட்ட காலம் அது.

இன்று அதே பகுதியில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வேலையின் தன்மை மாறிவிட்டது. மில்லில் காண்ட்ராக்ட் ஆட்கள், விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை பார்க்கும் இளம்பெண்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண்கள், சுந்தரபாண்டியத்தின் கைத்தறி நெசவாளர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா தயாரிக்கும் சிறு கூடங்கள், வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் என உழைப்பு பல துண்டுகளாகிவிட்டது. ஆனால் ஓய்வூதியச் சட்டம் இன்னமும் ஒருவர் பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்ப்பார் என்ற கணக்கிலேயே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பலருடைய முதுமைக்கால வருமானம் கரைந்துபோகிறது. அதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று இக்கட்டுரை விளக்குகிறது.

பி.எஃப். வேறு, பென்ஷன் வேறு

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தியது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே இருபது பேர் என்ற வரம்பு தொடர்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 சதவீதம் செலுத்த வேண்டும். தொழிலாளியிடம் பிடிக்கும் தொகை முழுவதும் அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்கிறது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 3.67 சதவீதம் மட்டுமே பி.எஃப். கணக்குக்குப் போகிறது. மீதி 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கிறது.

இந்த ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் 1971-ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டம் மட்டுமே இருந்தது. அது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உதவும் திட்டம். தொழிலாளிக்கே மாத ஓய்வூதியம் என்பது 1995-க்குப் பிறகுதான் வந்தது.

பி.எஃப். கணக்கில் உள்ளது நம் சேமிப்பு, எடுத்தால் தீர்ந்துவிடும். ஓய்வூதியம் அப்படியல்ல. தொழிலாளி உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் வரும், அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ பாதி வரும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே பணம் என்று நினைத்து வேலையை விட்டதும் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் நம் பகுதியில் நடக்கும் பெரிய இழப்பு.

பத்து ஆண்டு என்ற எல்லைக்கோடு

மாத ஓய்வூதியம் பெற குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மீதிக்காலம் ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் ஒன்பதரை ஆண்டு முடித்தவரும் தகுதி பெறுகிறார். இந்தப் பத்து ஆண்டுகள் ஒரே மில்லில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டு ஒரு மில்லிலும், நான்கு ஆண்டு இன்னொன்றிலும், மூன்று ஆண்டு ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்திலும் வேலை பார்த்திருந்தால் பத்து ஆண்டு நிறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கிடும் முறை எளிது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. இதற்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பர் 1 முதல் அது 15,000 ரூபாய். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அது உயர்த்தப்படாமலே நின்றது.

15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் பத்து ஆண்டு சேவைக்கு மாதம் 2,143 ரூபாய் வரும். இருபது ஆண்டு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆகவே இருபது ஆண்டுக்கு 4,714 ரூபாயும் முப்பது ஆண்டுக்கு 6,857 ரூபாயும் கிடைக்கும். பி.எஃப். சம்பளம் 9,000 ரூபாயாகக் காட்டப்பட்டு 12 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 1,543 ரூபாய்தான் வரும்.

58 வயதில் முழு ஓய்வூதியம் கிடைக்கும். 50 வயது முடிந்தவர் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைத்துத் தருவார்கள். அந்தக் குறைப்பு நிரந்தரமானது.

எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?

பத்து ஆண்டுக்குக் குறைவான சேவையோடு வேலையை விடுபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓய்வூதியப் பங்கை ரொக்கமாக வாங்குவது. மற்றொன்று, 'ஸ்கீம் சர்டிபிகேட்' என்ற சேவைச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் ஒரே 10சி படிவம்தான். எந்தக் கட்டத்தில் டிக் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலருக்கு அந்தப் படிவத்தை வெளியே யாரோ நிரப்பித் தருகிறார்கள், "பணம் வேண்டுமா?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவர் ரொக்கமாக எடுத்தால் சுமார் 91,000 ரூபாய் கிடைக்கும். அந்த ஆறு ஆண்டுகளை அவர் காப்பாற்றி, பின்னால் வேறு இடத்தில் இன்னும் நான்கு ஆண்டு சேர்த்திருந்தால், முதல் ஆறு ஆண்டுக்கு மட்டும் மாதம் 1,286 ரூபாய் வாழ்நாள் முழுவதும் வரும். ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டு உயிரோடு இருந்தாலே அந்த 91,000 திரும்பி வந்துவிடும். அதன்பின் வருவது எல்லாம் உபரி. அவருக்குப் பின் மனைவிக்குக் கிடைக்கும் பாதி ஓய்வூதியம் தனி.

கல்யாணம், மருத்துவம், கடன் என்று கை நெருக்கடி வரும்போது யாரும் இருபது வருடம் கழித்து வருவதை நினைப்பதில்லை. உண்மைதான். அப்படிப்பட்ட நேரத்திலும் பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்க வழி உண்டு. ஓய்வூதியச் சேவையைத் தொடாமல் பி.எஃப். பக்கத்தில் மட்டும் கை வைப்பது நல்லது.

மூன்றாண்டு வேலையும் இளம்பெண்களும்

'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்ற பெயர்கள் விருதுநகர், திண்டுக்கல், கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நன்றாகத் தெரிந்தவை. பதினெட்டை ஒட்டிய வயதில் ஒரு பெண் மில் விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை பார்ப்பாள். முடிவில் ஒரு மொத்தத் தொகை கிடைக்கும், அது திருமணச் செலவுக்குப் போகும். இம்முறை மீது கடும் விமர்சனங்கள் எழுந்தன, கட்டுப்பாடுகளும் வந்தன. விடுதியில் தங்கி வேலை பார்ப்பது மட்டும் வேறு வேறு வடிவங்களில் தொடர்கிறது.

இந்தப் பெண்களின் ஓய்வூதியக் கணக்கை யாரும் பேசுவதில்லை. மூன்றாண்டு முடிந்ததும் பி.எஃப். பணமும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்தே அவர்களுக்கு வந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்தபின் 35 வயதில் மறுபடி மில்லுக்கு வந்து எட்டு ஆண்டு வேலை பார்த்தாலும், எட்டு ஆண்டு என்பது பத்து ஆகாது. பழைய மூன்று ஆண்டைக் காப்பாற்றியிருந்தால் பதினொன்று ஆகியிருக்கும். 10,000 ரூபாய் சம்பளக் கணக்கில் அது மாதம் 1,571 ரூபாய். ஒன்றுமே இல்லாததற்கும் 1,571 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம், ஒரு 10சி படிவத்தில் போட்ட டிக் மட்டும்தான்.

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டாவிட்டால் மில் நிர்வாகம் பொறுப்பில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கினாலும், அந்தத் தொழிலாளிக்குரிய பங்கு செலுத்தப்படுவதற்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய உறுப்பினர் எண் கொடுப்பார்கள். ஆனால் 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். என்ற பொதுக் கணக்கு எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றே. புதிய இடத்தில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணைச் சொல்லாமல் விட்டால் சேவை இரண்டாகப் பிளந்துவிடும்.

சம்பளத்தை அடிப்படை, பலவகைப் படிகள் என்று பிரித்து அடிப்படையைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு வழக்கம். எல்லோருக்கும் ஒரேமாதிரி வழங்கப்படும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. குறைத்துக் காட்டிய சம்பளம் அன்றைக்குக் கையில் வரும் தொகையைக் கூட்டலாம், ஆனால் ஓய்வூதியத்தை நிரந்தரமாகக் குறைத்துவிடும்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை தனி உரிமை. பத்து பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது தரப்பட வேண்டும். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வரும். கடைசிச் சம்பளம் 12,000 ரூபாய், சேவை எட்டு ஆண்டு என்றால் 55,385 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு என ஒப்பந்தம் செய்து நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர் ஓர் ஆண்டு முடித்தாலே அதற்குரிய பணிக்கொடை பெறலாம். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேரும் இளைஞர்களுக்கு இது முக்கியமான மாற்றம். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்திருப்பவரால்தான் இந்த உரிமையைக் கேட்க முடியும்.

தறிக்கூடம், தையல், வீட்டு வேலை

இருபது பேர் என்ற வரம்புக்குக் கீழே இருக்கும் சிறு தறிக்கூடங்களும் தையல் கூடங்களும் பி.எஃப். சட்டத்துக்குள் வருவதில்லை. வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே தெளிவாக இருப்பதில்லை.

ஆனால் வீட்டில் செய்யும் வேலை என்பதாலேயே பி.எஃப். கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்துத் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு பி.எஃப். கணக்கு இருக்கிறது. வீட்டில் பீடி சுற்றுபவர்களும் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்களில் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்களும் ஏராளம். தொகை சிறியதாக இருந்தாலும் தங்கள் பெயரில் மாத ஓய்வூதியம் வாங்கும் பாட்டிமார்களை அங்கே பார்க்கலாம். நைட்டி தைக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு பதிவு இன்னும் பரவலாகவில்லை.

பி.எஃப். இல்லாதவர்களுக்கு உள்ள வழிகள் இவை.

தமிழ்நாடு அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள். கட்டுமானம், தையல், விசைத்தறி, கைத்தறி, ஓட்டுநர் எனத் தொழில்வாரியாக வாரியங்கள் உள்ளன. பதிவு செய்து புதுப்பித்து வந்தால் 60 வயதுக்குப் பின் மாத ஓய்வூதியம் கிடைக்கும். உணவு விநியோகம் போன்ற செயலி வழி வேலை செய்பவர்களுக்கும் 2023-இல் தனி வாரியம் அமைக்கப்பட்டது. புதுப்பிக்காமல் விட்டு 59 வயதில் அட்டையைத் தேடுவதுதான் பலர் செய்யும் பிழை.

பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. 18 முதல் 40 வயது வரையுள்ள, மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத அமைப்புசாராத் தொழிலாளருக்கானது. வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அதே அளவு மத்திய அரசும் கட்டும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும்.

அடல் ஓய்வூதியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. இதற்கும் வயது வரம்பு 18 முதல் 40 வரை. 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 30 வயதில் சேர்பவர் மாதம் 577 ரூபாய் கட்ட வேண்டும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது.

பள்ளிவாசல், மதரஸா, தர்காக்களில் பணிபுரியும் இமாம்கள், முஅத்தின்கள், அரபி ஆசிரியர்களுக்கு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009 முதல் இருக்கிறது. ஊருக்கெல்லாம் வழிகாட்டும் இவர்கள் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்களா என்று அந்தந்த ஜமாஅத் நிர்வாகமே பார்க்க வேண்டும்.

வெளிநாடு போனவர்கள்

வளைகுடா நாடுகளில் நம்மவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. வேலை முடியும்போது சேவைக்காலப் பணிக்கொடை மட்டும் உண்டு. ஐக்கிய அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். சவூதி அரேபியாவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். பல ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா செய்திருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் வளைகுடா நாடுகளோடு இல்லை.

ஆகவே இங்கே ஐந்தாறு ஆண்டு மில்லில் வேலை பார்த்துவிட்டு விசா கிடைத்துப் போகிறவர், டிக்கெட் செலவுக்காக ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டுப் போகக் கூடாது. திரும்பி வந்து நான்கைந்து ஆண்டு வேலை பார்த்தால் பத்து ஆண்டு நிறைவடையும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது.

குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் பத்து ஆண்டு நிபந்தனை இல்லை. ஒரு மாதப் பங்கு செலுத்தப்பட்டிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளில் ஒரு நேரத்தில் இருவருக்கு, 25 வயது வரை, தாயின் ஓய்வூதியத்தில் கால் பங்கு வீதம் கிடைக்கும். இதோடு வைப்புநிதி சார்ந்த காப்பீட்டுத் தொகையும் உண்டு, அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். இளவயதில் கணவரை இழந்த பெண்களுக்கு இந்த மூன்றையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பி.எஃப். பணம் மட்டும் வாங்கிக்கொண்டு முடிந்தது என்று இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரில் கொடுத்த நியமனத்தைத் திருமணத்துக்குப் பின் மாற்ற வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம்.

பி.எஃப். கணக்கில் வட்டி சேர்கிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. மாத ஓய்வூதியம் சம்பளத்தையும் சேவை ஆண்டுகளையும் கொண்டு கணக்கிடப்படுகிறது, கணக்கில் சேரும் வட்டியைக் கொண்டு அல்ல. பி.எஃப். வட்டி குறித்த மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்தத் தயக்கத்தால் மனைவி மக்களுக்குரிய ஓய்வூதியச் சேவையையும் சேர்த்துக் கைவிட்டுவிட வேண்டாம்.

ஆயிரம் ரூபாய் என்ற கேள்வி

இந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி இதில் இல்லை. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பங்கு செலுத்தி உழைத்தவருக்கான குறைந்தபட்சம் அதைவிடக் குறைவாக இருக்கிறது. குறைந்தபட்சத்தை 7,500 ரூபாயாக்கி அகவிலைப்படியும் சேர்க்க வேண்டும் என்று ஓய்வூதியர் அமைப்புகள் நாடு முழுவதும் போராடி வருகின்றன. கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும் நாளில் பயன் பெற, முதலில் ஓய்வூதியர் பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

வீட்டில் எத்தனை பேருக்கு யு.ஏ.என். எண் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பெயர், பிறந்த தேதி எல்லாம் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் முஹம்மது, முகமது, மொஹமட் என எழுத்து மாறுவதால் 58 வயதில் அலைய நேர்கிறது. வேலையில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

ஒரு மாதத்துக்குரிய பங்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைப் பார்த்து ஓய்வூதியப் பங்கு ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய மில்லின் கணக்கு தனியாகக் கிடந்தால் புதிய கணக்கோடு இணையுங்கள். வேலையை விடும்போது 10சி படிவத்தில் சேவைச் சான்று என்ற கட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

சிக்கல் இருந்தால் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமுக்குப் போகலாம். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறக்கக் கூடாது.

ஜமாஅத்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கணினி தெரிந்த நான்கு இளைஞர்களை உட்காரவைத்தால், மஹல்லாவில் உள்ள அத்தனை தொழிலாளர்களின் கணக்கையும் சில வாரங்களில் சரிபார்த்துவிடலாம். வாரியப் பதிவைப் புதுப்பிப்பதையும் அதோடு சேர்த்துச் செய்யலாம். முதுமையில் பிள்ளைகள் கையை எதிர்பார்க்காமல் மருந்துக்காவது சொந்தப் பணம் இருக்கும் பெற்றோர் நம் தெருக்களில் கூடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.